பிகின் போட்டீங்களா, அண்ணா?

18 வருஷம் ஆரக்கிள் டேட்டாபேஸில் குப்பை கொட்டியவன் நான். லைசென்ஸ் செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆபீசில் எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுகிறார்கள். “எல்லாம் எஸ்க்யூஎல்தானே, உங்களுக்கு ரெண்டு நாள் போதும்” என்றார் மேனேஜர். ரெண்டு மாசம் ஆகிறது.

வார்த்தையிலேயே வம்பு. கிளஸ்டர் என்றால் பல மெஷின் சேர்ந்தது என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே ஒற்றை சர்வரில் இருக்கிற டேட்டாபேஸ்களுக்கே அந்தப் பெயர். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வராது, மூன்றுதான் வரும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

வாடிக்கையாளர் பட்டியல் எடுத்தேன். இனிஷியலையும் பெயரையும் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு ஒட்டுவது, தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை. வந்த பட்டியலில் பாதிப் பேரைக் காணோம். பாக்கித் தொகை இருக்கிறது, ஆள் இல்லை! இனிஷியல் நல் (NULL) என்றால் போஸ்ட்கிரெஸ் அதோடு ஒட்டிய பெயரையும் சேர்த்து நல் ஆக்கிவிடுகிறது. விதிப்படி அதுதான் சரியாம். நல்லையும் காலி ஸ்ட்ரிங்கையும் ஒன்றாகவே பாவித்து ஆரக்கிள் எனக்கு இத்தனை வருஷம் செல்லம் கொடுத்திருக்கிறது.

அடுத்தது டெலிட். நம் வழக்கம் என்ன? டெலிட் அடிப்போம், எத்தனை வரி போயிற்று என்று பார்ப்போம், சரியென்றால் கமிட். 40 வரி போக வேண்டிய இடத்தில் 4,000 போயிருந்தது. பதறவில்லை, ரோல்பேக் அடித்தேன். டிரான்சாக்‌ஷன் எதுவும் நடப்பிலேயே இல்லையே என்று ஒரு வார்னிங் வந்தது. பிகின் என்று சொல்லி ஆரம்பிக்காவிட்டால் ஒவ்வொரு கட்டளையும் அப்போதே கமிட் ஆகிவிடுமாம். நல்ல வேளை, டெஸ்ட் சர்வர்.

சரி, பிகின் போட்டே செய்தேன். நடுவில் காலம் (column) பெயரில் ஓர் எழுத்து பிசகியது. ஆரக்கிள் என்றால் அந்த ஒரு கட்டளையை மட்டும் தள்ளிவிட்டு மேலே போகும். இது, சாம்பாரில் ஒரு கல் அகப்பட்டதற்கு இலையை மடக்கிவிட்டு எழுந்த சம்பந்தி மாதிரி, அதற்கப்புறம் என்ன கேட்டாலும் காது கொடுக்கவில்லை. ரோல்பேக் அடித்து, முதலிலிருந்து எல்லாம் மறுபடி.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிகின் போட்டு, டேபிளையே டிராப் பண்ணிவிட்டு ரோல்பேக் அடித்தால் டேபிள் திரும்பி வருகிறது. நம்ப முடியாமல் மூன்று தடவை செய்து பார்த்தேன்.

பக்கத்து சீட்டுத் தம்பி போன வருஷம் சேர்ந்தவன். அவனுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை, ஜாலியாக இருக்கிறான். நான் என்டர் தட்டப் போகும்போதெல்லாம், “அண்ணா, பிகின் போட்டீங்களா?” என்று ஒரு குரல்.

நேற்று பழைய ஆரக்கிள் சர்வரில் ஒரு சின்ன வேலை. கை தானாக பிகின் அடித்துவிட்டது. ஏதோ பெரிய புரோகிராம் எழுதப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அது 2 என்று எண் போட்டு அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.