பழைய ஜன்னலை மாத்தப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

மழைக்காலம் முடிந்ததும் திருவாலங்காடு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். "ஜன்னல் கதவு ஊறிப்போய் மூடவே மாட்டேங்குது. கழட்டிப் போட்டுட்டு யு.பி.வி.சி. வெச்சுடலாமா?"

பெரும்பாலான வீடுகளுக்கு இது ஓரிரு நாள் வேலை. ஆனால், வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து, இதே வேலைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் பழவேற்காடு இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கும் அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம், மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை 'தடை செய்யப்பட்ட பகுதி'. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் 'ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி'. 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் கொண்டுவந்த திருத்தம் சொல்வது இது. மாமல்லபுரத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் காஞ்சி கைலாசநாதர் கோயிலுக்கும் இதே கணக்குதான். கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

தடை செய்யப்பட்ட பகுதியில் புதுக் கட்டடம் கூடாது. பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் முன் அனுமதி வேண்டும். 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் உரிய அதிகாரி வழியாக தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகும். அதிகாரி அனுப்ப 15 நாள், ஆணையம் கருத்துச் சொல்ல 2 மாதம், பிறகு முடிவுக்கு 1 மாதம் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. அந்த 100 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் கட்டுமானம் செய்தால் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு ஜன்னலுக்கா இவ்வளவு என்று கோபம் வருவது நியாயம்தான். அனுமதி கேட்கச் சொல்லும் சட்டம் தச்சர் கூலியில் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லையே! பழைய தெருவின் அழகு ஊருக்கெல்லாம் சொந்தம், செலவு மட்டும் வீட்டுக்காரருக்கு.

புதுச்சேரியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கல்வே சுப்பராயச் செட்டி வீதி, அதாவது வைசியாள் வீதியில், 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு இன்டாக் அமைப்பு வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தது. செலவில் ஒரு பங்கு திட்டத்துடையது, மறு பங்கு வீட்டுக்காரருடையது. திண்ணை, தாழ்வாரத் தூண், மர ஜன்னல் எல்லாம் பழையபடி எழுந்து நின்றன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பழைய ஜன்னல் அவ்வளவு மோசமா? மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு கதவு. கீழ்க் கதவைச் சாத்தினால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே தெரியாது. மேல் கதவு வழியே காற்று வரும். முழுசாகத் திறந்தால் முழு ஜன்னலும் காற்றுக்குத்தான். இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னலோ எப்போதும் பாதிதான் திறக்கும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

மழையில் ஊறிய கதவு வெயிலில் காய்ந்தாலே பாதி சரியாகிவிடும். மீதியை இழைத்துவிடலாம். பெரும்பாலும் உளுத்துப்போவது சட்டத்தின் அடிப்பகுதிதான். அதை மட்டும் வெட்டி, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போட்டால் போதும். கீல், கொண்டி மாற்றுவது சின்ன வேலை. கொசுதான் பிரச்னை என்றால் உள்பக்கம் மரச் சட்டத்தில் வலை அடித்து மாட்டலாம். தெருப்பக்கம் எதுவும் மாறாது. மாறாக, சுண்ணாம்புச் சுவரில் பதிந்த சட்டத்தைப் பெயர்த்தால் சுற்றிலும் பூச்சு உதிரும், சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். அந்தச் செலவை யாரும் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

கழற்றிய ஜன்னல்கள் எங்கே போகின்றன? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குக் கதவும் ஜன்னலும் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் வேண்டாம் என்று போனதை ரிசார்ட் கட்டுகிறவர் தேடி வந்து வாங்கிப் போகிறார்.

எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தச்சரைக் கூப்பிடும் முன் செல்போனை எடுத்து ஜன்னலை உள்ளேயும் வெளியேயும் படம் பிடித்து, அளவும் குறித்து வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்துக்கும் உதவும். அதே மாதிரி இன்னொன்று செய்யச் சொல்லும்போது தச்சருக்கும் உதவும்.