வந்த பூனையும் இருந்த பூனைகளும்



பிள்ளைகளின் படிப்பு, குடும்பப் பிணக்கு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இம்முறை ஒரு பூனையைப் பற்றிய கடிதமும் வந்திருக்கிறது. சின்ன விடயம்தானே என்று ஒதுக்கி வைக்க மனம் வரவில்லை.

எழுதியிருப்பவர் ஒரு சகோதரி. அவரது மாமி அண்மையில் வபாத்தாகிவிட்டார். அடுத்த ஒழுங்கையில் தனியே இருந்த மாமி ஆறு வருடமாக ஒரு பெட்டைப் பூனையை வளர்த்து வந்திருக்கிறார். ஜனாஸா முடிந்து வீட்டைப் பூட்டும்போது இவர் அந்தப் பூனையைத் தம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அங்கே ஏற்கனவே இரண்டு பூனைகள், தாயும் மகளும். அன்றிரவே மூன்றையும் ஒன்றாக ஹோலில் விட்டிருக்கிறார்கள். ஒரே அமளி. தாய்ப் பூனை அலுமாரிக்கு மேலே ஏறியது. இரண்டு நாளாக இறங்கவில்லை. மாமியின் பூனை கட்டிலுக்கடியில் பதுங்கிவிட்டது. பாயிலும் சிறுநீர் கழித்துவிட்டது. விலக்கப் போன மகனின் கையில் கீறல். "வெள்ளிக்கிழமை சாக்கில் போட்டு மீன் சந்தையில் விட்டு வருகிறேன். மீன் தலை தின்று பிழைத்துக்கொள்ளும்" என்கிறாராம் கணவர். "பிள்ளைகளின் உம்மும்மா வளர்த்த பூனை. விடவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை" என்று சகோதரி முடித்திருக்கிறார்.

இதழ் அச்சாகும் வரை வெள்ளிக்கிழமை காத்திருக்காது. ஆகவே அவருக்குத் தபாலில் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் இதே நிலை எத்தனையோ வீடுகளில் உண்டு. வெளிநாடு போகிறவர் விட்டுச்செல்லும் பூனை, வீடு மாறுகிறவர் ஒப்படைக்கும் பூனை, தானாகவே வாசலில் வந்து நிற்கும் பூனை என்று எத்தனை! எனவே எல்லோருக்குமாக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் கை

பூனை கீறினாலோ கடித்தாலோ, அந்த இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டும் பரவுவதல்ல, பூனையாலும் பரவும். அறிகுறி தோன்றிய பின் ஆளைக் காப்பாற்றுவது அரிதிலும் அரிது. அதற்கு முன்னரே ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். "வீட்டுப் பூனைதானே" என்று மஞ்சளைப் பூசிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

சண்டை பிடிக்கும் பூனைகளுக்கு நடுவே ஒருபோதும் கையை விடக் கூடாது. கோபத்தில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் அறியாது. ஒரு தலையணையையோ பெரிய மட்டைத் துண்டையோ இடையில் வைத்து மறையுங்கள். மறைந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

சந்தையில் விட்டால் பிழைக்குமா?

இதைக் கணவர்மார்களும் வாசிக்க வேண்டும். மீன் சந்தையில் பூனை இல்லாமலா இருக்கிறது? ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கடுவன் இருக்கும். அங்கேயும் இது புதிதாய் வந்த பூனைதான். வீட்டில் இரண்டு பூனைகளோடு ஒத்துப்போக முடியாத பூனை, சந்தையில் இருபது பூனைகளோடு ஒத்துப்போகும் என்று எப்படி எதிர்பார்ப்பது? வீட்டிலாவது இடையில் சாத்துவதற்கு ஒரு கதவு இருக்கிறது. சந்தையில் அதுவும் இல்லை. ஆறு வருடம் ஒருவர் கையால் தின்ற பூனைக்குத் தெருவில் இரை தேடும் பழக்கமும் இருக்காது. கடிபட்ட காயங்கள் சீழ் பிடிக்கும். பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் வைரஸ் ஒன்றும் பெரும்பாலும் பூனைக் கடியால்தான் பரவுகிறது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் பூனைக்கு மருந்தால் முற்றாக மாறாது.

ஏன் இந்தப் பகை?

பலரும் இதைப் பொறாமை என்பார்கள். அதைவிட இது பயம் என்பதே சரி. வீட்டுப் பூனையின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒரு காட்டுப்பூனை. அது தனித்து வேட்டையாடும் பிராணி. தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்தால் தன் இரைக்கு ஆபத்து என்றே அதற்குப் படும். நம் வீட்டுப் பூனை கோப்பையில் சோறும் மீனும் தின்றாலும் அந்த இயல்பு மாறவில்லை.

இரண்டாவது காரணம் வாசனை. பூனை உறவையும் அந்நியரையும் பெரும்பாலும் மூக்கால்தான் அறிகிறது. அதன் கன்னத்திலும் தாடையிலும் நெற்றியிலும் வால் அடியிலும் பாதங்களிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. உங்கள் காலிலும் கதிரைக் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது, "இது என்னுடையது" என்று வாசனையால் எழுதி வைப்பதுதான். ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றோடொன்று உரசி ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. புதுப் பூனையிடம் அந்த வாசனை இல்லை. அதன் முகம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பழைய பூனைகளுக்கு அது திருடன்தான்.

ஆகவே முகத்தை முதலில் காட்டுவதுதான் நாம் செய்யும் தவறு. வாசனை முதலில் பழக வேண்டும், முகம் பிறகு. அமெரிக்காவில் பூனை தத்தெடுத்தவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியானது. ஏற்கனவே பூனை இருந்த வீடுகளில் ஏறக்குறைய பாதியில் தொடக்கத்தில் சண்டை நடந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கீறலும் கடியும் நடந்த வீடுகளில்தான் பின்னரும் சண்டை தொடர்வது அதிகமாக இருந்தது. ஆகவே சண்டை நடந்துவிட்டதே என்று கைவிட வேண்டியதில்லை. ஆனால் முதல் சந்திப்புக்கு அவசரப்படவும் கூடாது. ஏற்கனவே சண்டை நடந்திருந்தால், பூனை இன்றுதான் வந்தது என்று நினைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் இரண்டு கிழமை: தனி அறை

வந்த பூனையை ஓர் அறையில் தனியே வையுங்கள். தனி அறை இல்லாத வீட்டில் களஞ்சிய அறையோ பாவிக்காத குளியலறையோ போதும். காற்றும் வெளிச்சமும் இருக்க வேண்டும். குடிக்க நீர், சாப்பாடு, மணல் நிரப்பிய ஒரு தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு மட்டைப் பெட்டி ஆகியவற்றை வையுங்கள். மணல் தட்டைச் சாப்பாட்டுக்குத் தூரமாக வையுங்கள். முன்பு வளர்த்தவரின் பழைய விரிப்பு ஏதாவது இருந்தால் துவைக்காமல் அப்படியே கொடுங்கள். அந்தச் சகோதரிக்கு, மாமியின் தொழுகை அறையில் கிடந்த பழைய பாயைக் கொண்டுவந்து போடச் சொன்னேன். அந்தப் பூனையும் ஒருவரை இழந்துதான் வந்திருக்கிறது. அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.

"பூனையை அடைத்து வைப்பது பாவமல்லவா?" என்று சிலர் தயங்குவார்கள். பூனையை அடைத்து வைத்ததால் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நாம் அறிந்ததே. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இடம்பெறுகிறது. அவள் அதற்கு உணவும் நீரும் கொடுக்கவில்லை, தானாக இரை தேடித் தின்னவும் விடவில்லை என்பதே அங்கே சொல்லப்படும் குற்றம். வயிறார உண்ணக் கொடுத்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை அருகே போய் உட்கார்ந்து பேசும் அறை, அந்தப் பூனைக்குச் சிறையல்ல. பயந்து வந்த உயிருக்கு அது ஓர் ஒதுங்குமிடம்.

இந்த இரண்டு கிழமையும் நோய்க்கும் காவல். பூனைகளுக்கு வரும் சளி நோயும் கடுமையான வயிற்றோட்ட நோயும் வெளியில் தெரியச் சில நாட்கள் எடுக்கும். இதற்குள் மிருக வைத்தியரிடம் காட்டித் தடுப்பூசிகளும் பூச்சி மருந்தும் கொடுத்துவிடுங்கள். நீர்வெறுப்பு ஊசி மூன்று பூனைகளுக்கும் வேண்டும். புதுப் பூனை முதல் நாள் சாப்பிடாமலிருப்பது வழமை. இரண்டு நாள் கடந்தும் ஒன்றும் தின்னாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி பூனையின் ஈரலைப் பாதிக்கும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி முடியாமல் தவித்தால் அன்றே கொண்டு போக வேண்டும். பூனை சோர்ந்திருக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு மருந்தான பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு.

வாசனைக்கு முன் அறிமுகம்

பூனை சாப்பிடத் தொடங்கி, அறைக்குள் நிமிர்ந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு பழைய துணியால் அதன் கன்னத்தை மெதுவாகத் தடவி எடுங்கள். அந்தத் துணியைப் பழைய பூனைகள் படுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். அதேபோல் அவற்றின் வாசனையுள்ள துணி இதன் அறைக்குப் போகட்டும். முகர்ந்துவிட்டுச் சீறினால் பரவாயில்லை. சில நாளில் சீறாமல் கடந்து போகும். அதுதான் முதல் வெற்றி.

அடுத்து, பூட்டிய கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து தூரமாக, பிறகு நாளுக்கு ஒரு சாண் கிட்டவாக. மற்றதன் வாசனை வரும்போதெல்லாம் மீனும் வருகிறது என்று மூன்றும் கற்றுக்கொள்ளும். பின்பு நாளில் ஒரு மணித்தியாலம் இடம் மாற்றுங்கள்: புதுப் பூனை ஹோலில், பழையவை அறையில். சந்திக்காமலே ஒன்றின் இடத்தில் மற்றது நடந்து பழகட்டும்.

பிறகுதான் முகம்

அறை வாசலில் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையை ஒரு சட்டத்தில் அடித்து நிறுத்துங்கள். நுளம்பு வலை போதாது, கிழித்துவிடும். வலைக்கு இரு பக்கமும் சாப்பிடட்டும். முதல் நாட்களில் மேலே ஒரு துணியைத் தொங்கவிட்டுச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். அமைதியாகச் சாப்பிடும் நாள் வந்தால் வலையை எடுத்து ஐந்து நிமிடம் ஒன்றாக விடுங்கள். நீங்கள் அருகிலேயே இருங்கள். ஒன்றையும் தூக்கி மற்றதன் முன்னால் நீட்டாதீர்கள். ஒருமுறை சீறிவிட்டு விலகிப் போவது பூனைப் பாஷை. அதற்காக அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். இமைக்காமல் முறைத்து, காதை மடக்கி, வாலை அடித்தால் மட்டும் உடனே பிரித்து, ஒரு படி பின்னுக்குப் போங்கள்.

பயந்த பூனையை நீங்களும் உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக இமைத்துக் காட்டுங்கள். இப்படி இமைப்பவரிடம் பூனைகள் நெருங்கி வர அதிகம் விரும்புகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தூக்கி இறுக்குவதை விட்டுவிட்டு இதைச் செய்வார்கள்.

மறக்கக் கூடாதவை

சாப்பாட்டுக் கோப்பைகள் தனித்தனியே, வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாக மணல் தட்டுகள் வேண்டும்; மூன்று பூனைக்கு நான்கு. மணலை நாளாந்தம் அகற்றுங்கள். அதைக் கர்ப்பிணிகள் செய்யாமல் வேறொருவர் செய்வது நல்லது. சிறுநீர் பட்ட இடத்தைச் சவர்க்கார நீராலும் பின் வினாகிரி கலந்த நீராலும் கழுவுங்கள். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் போலவே மணப்பதால் அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும்.

குறைந்தது ஒரு மாதம் புதுப் பூனையை வெளியே விடாதீர்கள். பழைய வீடு கிட்ட இருந்தால் பூனை அங்கேதான் போய் நிற்கும், பூட்டிய வாசலில். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றியும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஊர்க் கடுவன்கள் எல்லாம் உங்கள் கூரையில்தான் இருக்கும். அவற்றால் பிறக்கும் குட்டிகளும் கடைசியில் மட்டைப் பெட்டியில் சந்தைக்கே போகும்.

இவ்வளவும் செய்தால் மூன்றும் ஒன்றாகச் சுருண்டு படுக்குமா? சிலவேளை படுக்கும், சிலவேளை படுக்காது. ஒரு பூனை பாயிலும் மற்றது யன்னல் ஓரத்திலும் இருந்துகொண்டு ஒன்றையொன்று கடந்து போனால் அதுவே போதும். அதற்குச் சில கிழமைகள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். மாதங்கள் கடந்தும் ஒரு பூனை ஒளிந்தே வாழ்ந்தால், பூனை இல்லாத ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். ஒரு தெரிந்த வீடு, ஒரு தெரிந்த கை. வளர்ந்த பூனையை எடுக்க விரும்புவோரும் உண்டு. குணம் தெரிந்த பூனை, தட்டில் போகப் பழகிய பூனை என்று சொல்லிக் கொடுக்கலாம் அல்லவா? ஒருவர் விட்டுச்சென்ற உயிர் நம் கையில் ஓர் அமானிதம். சாக்கின் வாயைக் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு கிழமையையாவது அதற்குக் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது இதே அமளி நடக்கிறதென்றால், இன்றிரவு செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்த பூனையைத் துவாயால் போர்த்தி அறைக்குள் விடுங்கள். நீரும் சாப்பாடும் மணல் தட்டும் வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குங்கள். மற்றவற்றை நாளை காலை பார்க்கலாம்.