இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி

ஆம்பூரில் தைக்கிற ஷூ ஐரோப்பாவில் நடக்கிறது. ஆம்பூர்க்காரர்களான நாங்கள் எதிர்த்தெரு டீக்கடைக்கும் பைக்கில் போகிறோம்.

அங்கே நடக்க ரோடும் இருக்கிறது. கி.மு. 312-ல் ரோமானியர் போட ஆரம்பித்த வியா அப்பியாவில் இன்றைக்கும் ஜனங்கள் ஜாலியாக நடக்கிறார்கள். 2024-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அதற்கு இடம் கிடைத்தது. ரோமானியச் சிப்பாய் மாட்டிய தோல் பாதரட்சைக்குக் 'காலிகா' என்று பெயர். சின்ன வயசில் அதைப் போட்டுக்கொண்டு முகாமில் சுற்றிய ஒரு பையனைக் 'காலிகுலா', அதாவது குட்டி பூட்ஸ், என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். பிற்பாடு சக்கரவர்த்தியாகி ஊரையே படுத்தி எடுத்தான். ஷூ கடித்திருக்கும் என்பது எங்கள் ஊர் அபிப்பிராயம்.

"நம்ம பக்கம் அந்த மாதிரி பழைய ரோடு கிடையாதா?" என்றார் நண்பர் பாய். ஷூ கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர்.

இல்லாமல் என்ன? பக்கத்துத் தர்மபுரியில் அதியமான் பெருவழி. அதன் 13-ம் நூற்றாண்டு மைல்கல்லில் நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று வெட்டியிருக்கிறது. அத்தோடு விடவில்லை. இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுதப் படிக்கத் தெரியாதவன், இருட்டில் வந்தாலும் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். வியா அப்பியா கிடக்கட்டும், எனக்கு இந்தக் கல்தான் ஒசத்தி.

பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து விண்ணமங்கலம் பக்கமாக நடந்தோம். 1767-ல் ஹைதர் அலி முற்றுகை போட்ட ஊர். இப்போது கன்டெய்னர் லாரிகளின் முற்றுகை. வழியில் மூன்று பேர் "பஸ் கிடைக்கலையா?" என்றார்கள். ஒருவர் பாயைப் பார்த்து, "ஏதாச்சும் வேண்டுதலா?"

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். தோல் தொழிற்சாலையில் இருந்து கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்களாம். மடித்த காகிதத்தை நீட்டினார். "இன்னா போட்டிருக்குன்னு பாரு பாய். கைநாட்டு வெச்சிட்டேன்."

பாய் படித்தார். முகம் மாறியது.

"எத்தினி வருஷ சர்வீஸ்?"

"மூத்தவன் பொறந்தப்ப சேந்தேன். அவனுக்கு முப்பத்தொண்ணு."

காகிதத்தில் 19. கிராஜுவிட்டி வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். பன்னிரண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஏழு மாசச் சம்பளம் காணோம்.

பாய் சிகரெட் அட்டையைக் கிழித்து, பேனாவால் மூன்று பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம் போட்டார். "பெரியது பத்து, சின்னது ஒண்ணு. நாளைக்கு நானும் வரேன். அவங்க இந்தக் கணக்குக்கு வர்ற வரைக்கும் எதுலயும் விரல் வெக்காதீங்க."

பெரியவர் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டு எண்ணினார்.

"இது சரி" என்றார்.