கயாக்கில் கடல் தூண்டில்: குழுவின் வேகத்தை முடிவு செய்வது யார்?

போர்ட்டிக்சன், லுமுட், பினாங்கு, மெர்சிங் எனக் கடலோர ஊர்களில் கயாக் படகில் ஏறித் தூண்டில் போடும் பழக்கம் அண்மைய ஆண்டுகளில் வேரூன்றியிருக்கிறது. கயாக்கைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். இயந்திரம் வேண்டாம், எண்ணெய்ச் செலவு இல்லை. விசைப்படகை வாடகைக்கு எடுக்க ஐந்தாறு பேர் சேர வேண்டும். கயாக்கிற்கு ஒருவரே போதும். ஆற்றிலும் ஈயக்குட்டையிலும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயிலும் தூண்டில் போட்டு வளர்ந்த நம்மவர்கள் பலரைக் கடல் பக்கம் இழுத்திருப்பதும் இந்த எளிமைதான்.

சொந்தக் கயாக் இல்லாதவர்களை அழைத்துச் செல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றைத் தந்து, விடியற்காலையில் கடலுக்குக் கூட்டிச் சென்று, வெயில் ஏறுமுன் கரை சேர்ப்பது அவர்கள் தொழில். வாட்ஸ்அப் வழியாகப் பெயர் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடற்கரையில்தான் ஒருவரையொருவர் முதன்முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பத்து ஆண்டு பழக்கமுள்ளவரும் அன்றுதான் துடுப்பைத் தொடுபவரும் ஒரே குழுவாகக் கடலில் இறங்குகிறார்கள்.

கயாக் தூண்டில் பயணத்தின் பெரிய ஆபத்து இந்தக் கலவையில்தான் இருக்கிறது. அலையையும் காற்றையும் எல்லாரும் பார்க்கிறார்கள். குழுவில் உள்ளவர்களுக்கு இடையிலான திறன் வேறுபாட்டை வழிகாட்டி ஒருவர்தான் பார்க்க முடியும். அவர் அதைப் பார்க்கத் தவறினால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

தூண்டில் அனுபவம் வேறு, துடுப்பு அனுபவம் வேறு

வழிகாட்டியிடம் வருபவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். இரண்டும் தெரிந்தவர், இரண்டும் தெரியாதவர், துடுப்பு மட்டும் தெரிந்தவர், தூண்டில் மட்டும் தெரிந்தவர். இவர்களில் அதிகக் கவனம் தேவைப்படுபவர் இரண்டும் தெரியாதவர் என்றே பலரும் நினைப்பர். ஆனால் அவர் பயத்தோடு இருப்பார், சொன்னதைக் கேட்பார், வழிகாட்டியை விட்டு விலக மாட்டார்.

தூண்டில் மட்டும் தெரிந்தவர் அப்படியல்ல. இருபது ஆண்டுகள் குட்டையிலும் ஆற்றிலும் மீன் பிடித்தவருக்குத் தம் கைமேல் நம்பிக்கை உண்டு. கரையில் நின்று பிடிக்கும்போது கால் தரையில் ஊன்றியிருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்து இழுக்கலாம். கயாக்கில் அதே சாய்வு அவரைக் கவிழ்த்துவிடும். தலை கயாக்கின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது இதில் அடிப்படை விதி. தெங்கிரி போன்ற வேகமான மீன் கடித்துவிட்டால், பழகிய கை விதியை மறந்து பழைய பழக்கத்திற்கே போகும்.

பிடிபட்ட மீனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விசைப்படகில் அதைத் தளத்தில் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ளலாம். கயாக்கில் அது மடியில்தான் வந்து விழும். செம்பிலாங் மீனின் முள்ளிலும் திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. கரையில் இவற்றை எளிதாகக் கையாண்டவரும் ஆடும் கயாக்கில் உட்கார்ந்தபடி தடுமாறலாம். கையில் முள் குத்தியவரால் துடுப்புப் போட முடியாது. அதன்பிறகு அவரை இன்னொருவர்தான் இழுத்து வர வேண்டும்.

சாதாரணக் கயாக் உலாவில் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். தூண்டில் பயணத்தில் ஒவ்வொரு மீனும் ஒவ்வொருவரை ஒவ்வொரு பக்கம் இழுக்கும். ஒருவர் நங்கூரம் போட்டிருப்பார், இன்னொருவர் நீரோட்டத்தோடு மிதப்பார், மூன்றாமவர் பெரிய மீன் இழுக்கும் பக்கம் போய்க்கொண்டிருப்பார். குழுவைச் சிதறடிக்கும் வேலையைத் தூண்டிலே செய்துவிடுகிறது.

ஒரே கடல், இரண்டு கணக்கு

கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பும் நேரத்தில் நீரோட்டம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்து வருகிறது. பழகியவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் துடுப்புப் போடுவார். நீரோட்டம் போக அவருக்கு மிஞ்சுவது இரண்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் கரை சேர்ந்துவிடுவார். புதியவரின் வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் அவருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. நாள் முழுதும் துடுப்புப் போட்டாலும் அவர் நின்ற இடத்தில்தான் நிற்பார். களைத்துக் கையை நிறுத்தினால் கடலுக்குள் போய்க்கொண்டிருப்பார்.

முதல்வருக்கு அன்று நல்ல கடல், இரண்டாமவருக்கு அது உயிர் போகும் கடல். ஆகவே, 'இன்று கடல் எப்படி' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. குழுவில் மிகவும் மெதுவாகப் போகக்கூடியவருக்கு இன்று கடல் எப்படி என்பதே வழிகாட்டி கேட்க வேண்டிய கேள்வி.

குழு பிரிந்தபோது நேர்ந்தவை

1993 மார்ச் 22ஆம் நாள் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களோடு கயாக்கில் புறப்பட்டனர். ஆசிரியரின் கயாக் மீண்டும் மீண்டும் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் மாணவர்களின் கயாக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வைத்தார். காத்திருந்த நேரத்தில் மாணவர் குழு கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டது. நான்கு மாணவர்கள் மாண்டனர். பயணத்தை நடத்திய நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் 1994இல் மரணம் விளைவித்த குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 1995இல் இளையோருக்கான சாகச நடவடிக்கை மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது.

அன்று இரண்டு பயிற்றுநர்கள் இருந்தும் போதவில்லை. ஒருவர் கவிழ்ந்தால் ஒரு வழிகாட்டி அவரிடம் கட்டுண்டுவிடுவார்; அந்த நேரத்தில் மீதிப் பேரை யார் பார்ப்பது என்ற திட்டம் கரையிலேயே இருந்திருக்க வேண்டும். ஒரே வழிகாட்டி பத்துப் பேரைக் கூட்டிப் போகும் பயணத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

நம் கடலிலும் இத்தகைய துயரம் நேர்ந்ததுண்டு. 2019 ஆகஸ்டில் ஜொகூரின் எண்டாவ் கடற்பகுதியில் 15 பேர் கொண்ட கயாக் குழுவிலிருந்து சிங்கப்பூரர்கள் இருவர் பிரிந்து காணாமற்போயினர். சுமார் ஒரு வாரத்துக்குப் பிறகு, 100 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில், திரங்கானு கடற்பகுதியில் அவர்களின் உடல்கள் மீட்கப்பட்டன. அது தூண்டில் பயணமல்ல. ஆனால் குழுவை விட்டுப் பிரிந்த சிறுகலத்தைக் கடல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

நம் கடலின் குணம்

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். அப்போது சிறுகலங்களுக்கு அங்கே வேலையில்லை. மேற்குக் கரை ஆண்டு முழுதும் அமைதியாகத் தெரியும். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், சுமத்திரா பக்கமிருந்து சூறைக்காற்று வரிசையாக வருவதுண்டு. அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலை வேளையிலும் வரும். தூண்டில்காரர்கள் கடலில் இருக்க விரும்புவதும் அதே நேரம்தான்.

மலாக்கா நீரிணையில் ஏற்ற வற்றமும் பெரிது. கிள்ளான் துறைமுகப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்தில் வந்து போக வேண்டும் என்பதால் நீரோட்டமும் வலுக்கும். மீன் நன்றாகக் கடிக்கும் என்று பலர் தேர்ந்தெடுக்கும் நாள்களும் அவைதான்.

வானிலை எச்சரிக்கையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மெட்மலேசியா வெளியிடும் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கையின் முதல் நிலை, மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றுக்கும் 3.5 மீட்டர் வரையிலான அலைக்கும் உரியது. அதன் பாதி வேகக் காற்றிலேயே கடலில் வெள்ளை நுரை கிளம்பிவிடும். புதியவரால் கயாக்கைத் திசைமாறாமல் பிடிக்க முடியாது. எச்சரிக்கை இல்லை என்பதைப் புறப்படலாம் என்ற அனுமதியாக வழிகாட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது.

கரையில் தொடங்கும் வேலை

நல்ல வழிகாட்டியின் வேலையில் பாதி கரையிலேயே முடிந்துவிடுகிறது. முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறார். நீந்தத் தெரியுமா, கவிழ்ந்து ஏறிப் பழக்கமுண்டா, கடல் மயக்கம் வருமா, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்கிறார். எல்லார் முன்னிலையிலும் கேட்டால் பலர் வெட்கப்பட்டு 'எல்லாம் தெரியும்' என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, இடுப்பளவு நீரில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே கவிழச் செய்கிறார். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, காலை உதைத்து, மார்பைக் குறுக்கே போட்டு ஏறி, திரும்பி உட்கார வேண்டும். இதைச் செய்ய முடியாதவர் ஆழ்கடலுக்குப் போகக் கூடாது. இந்தப் பதினைந்து நிமிடச் சோதனையில் தெரிய வருவது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அதிகம்.

கயாக்கின் அடைப்பான் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், நங்கூரக் கயிற்றைப் பக்கவாட்டில் கட்டாமல் முன்முனையிலோ பின்முனையிலோ கட்டச் செய்வதும் அவர் பொறுப்பு. ஓடும் நீரில் பக்கவாட்டுக் கயிறு கயாக்கைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். நீரில் இறங்கிய பின் விசில் சத்தம் கேட்கும் தூரத்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டினால் மற்றவர்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அவரோடு நகர வேண்டும். திரும்பும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மீன் கடித்தாலும் அது மாறக் கூடாது.

அனுபவசாலிகளுக்கு இது எரிச்சல் தரும். 'நான் கட்டணம் கட்டியது மீன் பிடிக்க, இவருக்குத் துணை போகவா?' என்ற கேள்வி எழும். அதில் நியாயமும் உண்டு. இதற்குச் சரியான தீர்வு, பதிவு செய்யும்போதே குழுவைப் பிரிப்பதுதான். புதியவர்களைக் கரையோரத்திலும் கழிமுகத்திலும் வைத்துப் பழக்கலாம். பழகியவர்களைத் தனி நாளில் தொலைவுக்கு அழைத்துச் செல்லலாம். அப்படிப் பிரிக்க ஆள் சேராத நாளில் எல்லாரும் கரையோரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும்.

பணத்தின் அழுத்தம்

அந்தத் துணிவைக் குறைப்பது பெரும்பாலும் பணம்தான். வழிகாட்டிகள் பலர் வார இறுதி வருமானத்தை நம்பியிருப்பவர்கள். பயணத்தை ரத்து செய்தால் அன்றைய வருமானம் போகும். ஈப்போவிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் நள்ளிரவில் கிளம்பி வந்தவர்களுக்கும் ஏமாற்றம். 'கொஞ்சம் காற்றுதானே, போய்ப் பார்க்கலாம்' என்ற பேச்சு அங்கே எழுகிறது. கட்டிய பணம் திரும்பாது என்றால் வாடிக்கையாளரும் புறப்படவே வற்புறுத்துவார்.

வானிலையால் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது வேறு நாள் தருவோம் என்ற விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் இந்த அழுத்தம் பெரிதும் தணியும். கடற்கரையில் எடுக்கும் முடிவு காற்றைப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கும்.

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்கப்படுகிறது. ஆனால் உரிம அட்டையை மட்டும் பார்த்து, ஒருவருக்குக் கவிழ்ந்தவரை மீட்கத் தெரியுமா என்று சொல்லிவிட முடியாது. கயாக் மீட்புப் பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றையும் வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கினால், பயிற்சிக்காகச் செலவழித்த வழிகாட்டிக்கு மதிப்புக் கூடும்; மலிவுக் கட்டணத்தை மட்டும் காட்டுபவர் ஒதுங்க வேண்டிவரும்.

கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

நம் குடும்பங்களில் நீச்சல் பயிற்சி இன்னும் பரவலாகவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் ஆற்றில் குளித்த பழக்கத்தையே நீச்சலாக எண்ணிக்கொள்வதும் உண்டு. எனவே சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். குழுவில் எத்தனை பேர், எத்தனை வழிகாட்டிகள்? மற்றவர்களின் அனுபவம் என்ன? கரையில் கவிழ்ந்து ஏறும் பயிற்சி உண்டா? விஎச்எஃப் வானொலி இருக்கிறதா? ரத்தானால் பணம் என்னாகும்? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரு தகவல் போதும். அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் கணக்குப்படி, 2022இல் அந்நாட்டின் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் நீரில் மூழ்கி மாண்டனர். அப்படி மூழ்கியவர்களில் 85 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கும் ஜாக்கெட்டால் பயனில்லை. அது உடம்பில் இருக்க வேண்டும், வாரும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்குண்டு. எங்கே இறங்குகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், வழிகாட்டியின் எண் என்ன என்பதை எழுதி வாங்கிக்கொள்ளலாம். சொன்ன நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் 999 எண்ணை அழைக்கத் தயங்கக் கூடாது. நீரோட்டம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேட வேண்டிய பரப்பைப் பெருக்கிக்கொண்டே போகும். வீணாக அழைத்துவிட்டோமோ என்ற கூச்சத்தைவிடத் தாமதம்தான் விலை அதிகம்.

கயாக் தூண்டில் நம் இளைஞர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. முறையாகக் கற்றால் நல்ல தொழிலும்கூட. கடலோரத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வளர்ந்து, ஏற்ற வற்றம் அறிந்தவர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வர நிறைய இடமிருக்கிறது. எத்தனை கிலோ மீன் பிடித்துக் கொடுத்தார் என்பதை வைத்து வழிகாட்டியை மதிக்கும் பழக்கம் மட்டும் மாற வேண்டும். காற்று கிளம்பிய காலையில், முகம் சுளிக்கும் பத்துப் பேர் முன்னால் நின்று 'இன்று போக வேண்டாம்' என்று சொல்பவரிடம், அடுத்த வாரம் மறுபடியும் பெயர் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.