பாட்டுக்கு வசூலாகும் பணமும் பாட்டெழுதியவரின் பங்கும்



உணவு விடுதியிலோ துணிக்கடையிலோ ஒலிக்கும் ஒரு திரைப்பாடலில், வரிகளை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பணம் போட்டு ஒலிப்பதிவை உருவாக்கிய நிறுவனம் என நான்கு தரப்பினரின் உரிமை அடங்கியிருக்கிறது. அந்தப் பாட்டை ஒலிக்கச் செய்வதற்கான கட்டணத்தை யாரிடம் செலுத்த வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. செலுத்திய பணத்தில் தன் பங்கு எவ்வளவு என்பது பாடலாசிரியருக்கும் தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் குழப்பத்தை மத்திய அரசு தீர்க்காமல் விட்டிருப்பது கடும் கண்டனத்துக்கு உரியது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன பாட்டுக்கும் இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பை எழுதி, பாடகருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாத குறையை நாடாளுமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமை 1994இலும், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கைவிட்டுப் போகாத பங்கு 2012இலும்தான் சட்டத்தில் இடம்பெற்றன. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து காட்டப்படுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் கிடைக்கும் ராயல்டியில், அதாவது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உரிமையாளர் பெறும் தொகையில், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டென்றும், அதைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாதென்றும் 2012ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. வறுமையில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் நிலையில் இருந்த கலைஞர்களைக் காப்பதற்கென்றே வந்த திருத்தம் அது.

ஆனால், ஒரு பாடலாசிரியர் நாட்டிலுள்ள ஒவ்வொரு விடுதியையும் வானொலியையும் தேடிச் சென்று தன் பங்கைக் கேட்க முடியாது. கடைக்காரராலும் ஆயிரக்கணக்கான பாடல்களின் உரிமையாளர்களைத் தனித்தனியே அணுக முடியாது. இந்த இடைவெளியை நிரப்பவே பதிப்புரிமைச் சங்கம் என்ற ஏற்பாடு வந்தது. படைப்பாளிகள் பலர் தம் உரிமைகளை ஒரே சங்கத்திடம் ஒப்படைக்க, அது மொத்தமாக உரிமம் வழங்கி, கட்டணம் வசூலித்து, உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரும். 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். பாடல் வரிகளுக்கும் இசைக்கும் அப்படிப்பட்ட சங்கம். 2012ஆம் ஆண்டின் திருத்தம் இந்தச் சங்கங்களின் ஆட்சிக் குழுவில் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றும், பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் விதித்தது.

இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், பதிவு செய்யப்பட்ட சங்கமாக இல்லாத நிறுவனங்கள் பல இசை நிறுவனங்களின் ஒலிப்பதிவு உரிமைகளைத் திரட்டி, உரிமையாளர் என்ற முறையில் உரிமம் விற்பது வழக்கமாகிவிட்டது. அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. 2025 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு மீண்டும் பதிவை வலியுறுத்த, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்டத்தின் ஒரே பிரிவை மூன்று நகரங்களில் வெவ்வேறு விதமாக வாசிக்க நேர்ந்தால், அது நீதிபதிகளின் குறையன்று; தெளிவாக எழுதப்படாத வாசகத்தின் குறை. ஒரு சிறு திருத்த மசோதாவில் முடிந்திருக்கக் கூடிய விஷயத்துக்காக விடுதி நடத்துபவர்களும் இசைத் துறையினரும் ஆண்டுக்கணக்கில் வழக்கறிஞர்களுக்குப் பணம் கட்டுகின்றனர்.

வசூலைவிடக் கவலை தருவது பங்கீடுதான். ஒரு விடுதி ஆண்டுக்கொருமுறை மொத்தமாகக் கட்டணம் செலுத்தும்போது, அங்கே எந்தெந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. பட்டியல் இல்லாத இடத்தில், வேறெங்கோ ஒலித்தவற்றை அளவுகோலாகக் கொண்டே பணத்தைப் பிரிக்க முடியும். அந்த அளவுகோல் வானொலியும் இணைய இசைச் செயலியுமாக இருந்தால், புதிய பாடல்களே முன்னே வரும். திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு விடியவிடியப் பாடும் அறுபதுகளின், எழுபதுகளின் பாடல்கள், கேட்கிற கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் கணக்கில் சிறுத்துப் போகும். பதிப்புரிமை படைப்பாளியின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிப்பதால், இங்கே இழப்பவர்கள் பெரும்பாலும் மறைந்த கவிஞர்களின் குடும்பத்தினர். சங்கங்கள் ஆண்டுதோறும் வெளிப்படைத்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும், உரியவர் தெரியாததால் பங்கிடப்படாத தொகையைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்று 2021இல் விதிகள் திருத்தப்பட்டன. நல்ல விதிகள்தாம். ஆயினும், ஆங்கிலத்தில் இணையத்தில் கிடக்கும் ஓர் அறிக்கை, சிற்றூரில் வாழும் ஒரு பாடலாசிரியரின் மனைவிக்கு எப்படிப் பயன்படும் என்பதை அரசு யோசித்ததாகத் தெரியவில்லை.

முறையிடும் இடத்தையும் அரசு மூடிவிட்டது. கட்டண விகிதம் மிகையென்று கருதுபவர் முன்பு பதிப்புரிமை வாரியத்தை நாடலாம். 2017இல் அதன் பொறுப்பு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு மாற்றப்பட்டது. வானொலிகள் தர வேண்டிய கட்டணத்தை 2020 டிசம்பர் 31 அன்று நிர்ணயித்த அந்த வாரியம் 2021 ஏப்ரலிலேயே கலைக்கப்பட்டது. உறுப்பினர் இடங்களை உரிய காலத்தில் நிரப்பாமல் நலிய விட்டுவிட்டு, அது சரியாக இயங்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி ஓர் அமைப்பையே நீக்குவது எவ்வகையிலும் நியாயமன்று. இப்போது அந்தப் பணி வணிக நீதிமன்றங்களிடமும் உயர் நீதிமன்றங்களிடமும் சென்றிருக்கிறது. சிறிய உணவகமோ தனி இசையமைப்பாளரோ அங்கே வழக்காடி நிலைக்க முடியுமா?

பதிப்புரிமையைக் கவனிக்கும் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக ஊக்குவிப்புத் துறை, திருமண நிகழ்ச்சிகளில் ஒலிக்கும் இசைக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்ற சட்டவிலக்கை நினைவூட்டி 2023 ஜூலையில் அறிவிப்பு வெளியிட்டது. மண்டபத்தாருக்காக அவ்வளவு விரைவாகப் பேச முடிந்த துறை, படைப்பாளிகளுக்காகவும் பேச வேண்டும். பலரின் உரிமைகளைத் திரட்டி மொத்தமாக உரிமம் விற்கும் எவரும் பதிவு பெற்ற சங்கமாக இருந்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். கட்டணத் தகராறுகளுக்கென்று தனித் தீர்ப்பாயத்தைச் சென்னை உட்பட மண்டல அமர்வுகளுடன் மீண்டும் நிறுவ வேண்டும். பங்கிடப்படாத தொகைகளையும் அவற்றுக்குரிய பாடல்களையும் அந்தந்தப் பாடலின் மொழியிலேயே பட்டியலிட்டு, அந்த மொழி நாளிதழ்களில் சங்கங்கள் விளம்பரம் செய்ய வேண்டும். தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை வரும் கூட்டத்தொடரிலேயே கேள்வியாக எழுப்ப வேண்டும்.

இவண்,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி