கக்கர் மணலின் வயது

ஹரப்பா நாகரிகத்தின் நகரங்கள் பல இமயத்தில் பிறந்து பெருகிய ஒரு மகாநதியின் கரையில் செழித்தன என்றும், அந்நதி திசைமாறி வற்றியதே அவற்றின் வீழ்ச்சிக்குக் காரணம் என்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ராஜஸ்தானத்துக் காளிபங்கன் என்னும் ஹரப்பா நகரை ஒட்டி, இன்று மழைக்காலத்தில் மாத்திரம் நீர் காணும் கக்கர் நதியின் பழந்தடமே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. இவ்வாதத்தின் அங்கங்களைத் தனித்தனியே பரிசீலிப்பது நலம்.

முதலாவது, தடத்தின் அகலம். செயற்கைக்கோள் படங்களில் அது பல கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் அங்கே ஒரு பெருநதி ஓடியது என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அது எந்தக் காலத்தில் ஓடியது என்பதைப் படம் கூறாது.

இரண்டாவது, மணலின் பூர்விகம். அங்குள்ள ஸிர்க்கான் என்னும் கனிமத்தின் மணிகள் இமயத்துச் சட்லெஜ் நதியின் மணலோடு ஒத்திருக்கின்றன என்பது மெய்யே. ஆனால் யுரேனியம்–ஈயம் முறையில் அம்மணிகளுக்குக் கிடைக்கும் வயது, அவை உருவான பாறையின் வயதேயன்றி, அவை ஆற்றில் படிந்த காலமன்று.

மூன்றாவதும் பிரதானமானதும் காலநிர்ணயம். மண்ணில் புதைந்த குவார்ட்ஸ் மணிகள், சுற்றிலுமுள்ள கதிரியக்கத்தால் சிறிது சிறிதாகச் சக்தியைச் சேமிக்கின்றன. வெயில் பட்டால் அச்சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே மாதிரியை வெளிச்சம் படாமல் எடுத்துச் சோதனைச்சாலையில் ஒளியால் தூண்டி அளந்தால், மணி கடைசியாக வெயில் கண்ட காலம் தெரிகிறது. இம்முறையைக் கையாண்டு 2017-இல் வெளியான ஆராய்ச்சி, சட்லெஜ் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தடத்தை விட்டு விலகிவிட்டது என்று காட்டிற்று. அதன் பருமணலுக்கு மேலே கிடப்பது மெதுவாக ஓடிய சிற்றாற்றின் நுண்வண்டலே. நகரங்கள் ஓங்கியதோ ஏறத்தாழ 4,600 முதல் 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில்.

சட்லெஜின் கிளைகள் 4,500 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே நீர் கொணர்ந்தன என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு வாதிக்கிறது. அதை ஒப்புக்கொண்டாலும், நகரவாழ்வின் பெரும்பகுதி அந்நீர் நின்ற பின்னரே நடந்தது என்றாகிறதே!

நான்காவது, வீழ்ச்சி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே விலகிப்போன நதியின்மேல் பின்னாளில் நேர்ந்த நாசத்தைச் சுமத்துதல் தர்க்கத்துக்குப் பொருந்தாது. பெருவெள்ளத்தின் அபாயம் நீங்கிய பழம்பள்ளத்தாக்கில், பருவமழை ஊட்டிய சிற்றாறே அந்நகரங்களுக்கு அனுகூலமாக இருந்திருக்கக்கூடும். அப்பருவமழை காலக்கிரமத்தில் குன்றியதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. ஆதலின் வீழ்ச்சியின் காரணத்தை அத்திசையில் தேடுவதே நியாயம்.

மகாநதி ஓடியது உண்மை, நகரங்கள் எழுந்ததும் உண்மை; இரண்டும் ஒரே காலத்தவை என்ற கூற்றுத்தான் நிலைபெறவில்லை.