நகையை அடகு வைத்துப் பங்கு வாங்காதீர்கள்

கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2025 இல் 20,000 புள்ளிகளைத் தாண்டியதிலிருந்து கண்டியிலும் பேச்சு மாறிவிட்டது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலிலும் பேராதனை வீதித் தேநீர்க் கடையிலும் "எந்தப் பங்கு ஏறும்?" என்றுதான் கேட்கிறார்கள். வங்கியொன்றின் அடகுப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். எவ்வளவு காசு வரை போனாலும் உங்கள் வீட்டுச் செலவு தடைப்படாது என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் அதை யோசித்தே பார்த்திருப்பதில்லை.

2021 இலும் இப்படித்தான் இருந்தது. நிலையான வைப்புக்கு வட்டி குறைவு, கொரோனாவால் எல்லோரும் வீட்டில், கையில் தொலைபேசி. அந்த ஒரே ஆண்டில் சுட்டெண் ஏறக்குறைய 80 வீதம் உயர்ந்தது. 2022 ஜனவரியில் 13,000 ஐயும் கடந்தது. அந்த மாதங்களில் என் மேசைக்கு வந்த காப்புகளும் தாலிக்கொடிகளும் எல்லாம் பிள்ளையின் படிப்புக்காகவோ வைத்தியச் செலவுக்காகவோ வரவில்லை. "ரெண்டு மாசத்தில மீட்டுருவேன் ஐயா" என்று சொன்ன இளைஞர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அடகுக் காசில் பங்கு வாங்கி, அந்தப் பங்கையே பிணையாகக் காட்டித் தரகரிடம் இன்னும் கடன் எடுத்தவர்களும் இருந்தார்கள். கடனுக்கு மேல் கடன்.

பிறகு ஏப்ரல் வந்தது. 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறை முடிந்தும் சந்தை திறக்கவில்லை. 18 ஆம் திகதியிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்கு மூடப்பட்டது. 25 ஆம் திகதி திறந்த அன்றே சுட்டெண் 12 வீதத்துக்கு மேல் சரிய, வர்த்தகத்தை இடையிலேயே நிறுத்தினார்கள். விற்க நினைத்தவர்களால் விற்க முடியவில்லை. தரகரிடம் கடன் வைத்திருந்தவர்களின் பங்குகளோ, அவர்கள் விரும்பாத விலைக்குக் கட்டாயமாக விற்கப்பட்டன. அடகு வட்டி மட்டும் நாள் தவறாமல் ஏறியது.

வர்த்தக வகுப்புகளில் "நட்டத்தை வெட்டும் விலையை முன்பே தீர்மானியுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தானே வெட்டலாம்? நம்முடையது சிறிய சந்தை. வெளியேறும் விலையை விட, உள்ளே போகும் தொகையில்தான் முதலில் கட்டுப்பாடு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சொந்தக் காசு 5 இலட்சம். ஒரு பங்கில் 2 வீதத்துக்கு மேல், அதாவது 10,000 ரூபாவுக்கு மேல் இழப்பதில்லை என்று தீர்மானிக்கிறீர்கள். 50 ரூபாவுக்கு வாங்கி 45 இல் விற்பது திட்டமென்றால் 2,000 பங்குகள்தான் வாங்கலாம். சந்தை மூடித் திறக்கும்போது விலை 35 என்றாலும் நட்டம் 30,000. வலிக்கும், ஆனாலும் எழுந்துவிடலாம். அதே 5 இலட்சத்தோடு இன்னொரு 5 இலட்சம் கடன் எடுத்து 20,000 பங்குகள் வாங்கியவருக்கோ நட்டம் 3 இலட்சம். மிஞ்சிய 2 இலட்சத்தை மறுபடியும் 5 இலட்சமாக்க 150 வீதம் இலாபம் வேண்டும். அந்த அவசரத்தில்தான் மனிதர் மிச்சத்தையும் தொலைக்கிறார்.

கடன் காசில் சூதாடுவது இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1840 களில் கண்டிக் காடுகளைக் கோப்பிக்காக வாங்கிக் குவித்தவர்களில் ஆளுநரும் அதிகாரிகளும்கூட இருந்தார்கள். கடன் காசு தாராளமாகப் புரண்டது. 1847 இல் இங்கிலாந்தில் நெருக்கடி வந்தபோது கோப்பி விலை விழுந்து தோட்டங்கள் கிடைத்த விலைக்குப் போயின. பிறகு மீண்டும் செழித்த கோப்பியை 1869 இல் தென்பட்ட இலைநோய் மெல்ல அழிக்க, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் 1884 இல் விழுந்தது. துரைமார் கப்பலேறினார்கள். சம்பளப் பாக்கி கிடைக்காமல் நின்றவர்கள் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர். சூதாடியவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர். அதே காலத்தில் 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் மட்டும் தேயிலை நட்டுப் பார்த்தார். அது பொய்த்திருந்தால் போவது அந்த 19 ஏக்கர்தான். அவருடைய துணிச்சலை விட அந்த அளவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

விலை ஏறும் என்று பந்தயம் கட்டும் வர்த்தகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உபரிக் காசில், கணக்கு வைத்து, தோல்வியை எழுதிப் பழகிச் செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைப்பவர்கள் பொறுப்பேற்க வேண்டும். விலை 30 வீதம் விழுந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பதை வாடிக்கையாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ரூபாவில் எழுதிக் காட்டி, கையெழுத்து வாங்கிய பின்பே கடன் கொடுக்க வேண்டுமென்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கட்டாயப்படுத்தலாம். கண்டி நகரில் வகுப்பு நடத்துபவர்கள் முதல் நாளே 2022 ஏப்ரலைப் பாடமாக எடுக்கட்டும். வீட்டு நகை சம்பந்தப்பட்டால், அதை அணிந்தவரும் அந்தக் கணக்கைப் பார்த்துச் சம்மதித்த பிறகே அடகுக் கடைக்குப் போக வேண்டும்.